பொய்க்காயம்

சனிக்கிழமை காலை எட்டு மணி. தேவாலயத்தை ஒட்டிய கூடத்தின் சமையலறையில் ரத்தம் தயாராகிக்கொண்டிருந்தது. ஆங்கிலேயர் ரொட்டியில் தடவிக்கொள்ளும் கோல்டன் சிரப் என்ற சர்க்கரைப் பாகு, அதில் சிவப்பு உணவுச் சாயம், சிவப்பின் பகட்டைத் தணிக்க ஒரு சொட்டு நீலம், உறைந்த ரத்தத்தின் பழுப்புக்குச் சிறிது கொக்கோ தூள். கிளறிக்கொண்டிருந்த அம்மையார் கரண்டியை உயர்த்திப் பாகு இறங்கும் பதத்தைப் பார்த்தார். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் எங்கள் ஊர்ப் பெண்களிடம் நாங்கள் கண்டிருக்கும் அதே பார்வை. "தமனியிலிருந்து பீறிடும் ரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும். சிரையிலிருந்து வழிவது கறுத்திருக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கிண்ணம் வேண்டும்," என்றார். நாங்கள் இருவரும் கதவோரம் ஒதுங்கி நின்றிருந்தோம். அன்று எங்களில் ஒருவருக்குக் கால் எலும்பு முறியவிருந்தது. மற்றவருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசியவிருந்தது.

இந்த "நாங்கள்" யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் இருபதாண்டுகளுக்கு மேலாக வசிக்கும் கணவன் மனைவி நாங்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரு தவறும் இந்தக் கட்டுரைக்குள் வருகிறது. யார் என்ன செய்தார் என்று பிரித்து எழுதப் போனால் பழியையும் பிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே சேர்ந்தே எழுதுகிறோம்.

2018-ஆம் ஆண்டு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், "ஒரு நாள் காயம்பட வருகிறீர்களா?" மருத்துவ மாணவர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், மீட்புப் படையினருக்கும் பயிற்சி தருவதற்காக அடிபட்டவர்களாக நடிக்கும் தன்னார்வலர் குழு ஒன்றில் அவர் இருந்தார். ஊதியம் கிடையாது. தேநீரும் சாண்ட்விச்சும் உண்டு. பழைய துணிகளை உடுத்தி வர வேண்டும், ஏனெனில் அவை கிழிக்கப்படும். வேடிக்கையாக இருக்குமே என்றுதான் போனோம்.

*

பயிற்சிக்காகப் பொய்க்காயம் செய்யும் கலைக்கு மூலாஜ் என்று பெயர். அச்சில் வார்த்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனை தோல் நோய்களுக்குப் பேர்போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே ஜூல் பாரெத்தா என்ற கைவினைஞரை அழைத்து வந்தார்கள். அதுவரை அவர் காகிதக்கூழில் பழங்கள் செய்து விற்றுவந்தவர். ஆப்பிளின் தோலை அவ்வளவு அசலாகச் செய்யத் தெரிந்தவருக்கு மனிதத் தோலும் வசப்படும் என்று அங்கிருந்த மருத்துவர் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. நோயாளியின் உடம்பிலேயே நேரடியாக அச்செடுத்து, மெழுகில் வார்த்து, கொப்புளத்தையும் செதிலையும் வண்ணத்தால் வரைந்தார் பாரெத்தா. 1889-இல் அந்த மெழுகு உருக்களுக்கென்றே அங்கு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மெழுகு உருக்கள் அங்கே இருக்கின்றன. வண்ணப் புகைப்படம் பரவலாவதற்கு முந்தைய தலைமுறைகளுக்கு நோயைக் கண்ணால் கற்பதற்கு இருந்த வழி அதுதான்.

மெழுகு உருவங்களிலிருந்து இந்தக் கலை உயிருள்ள உடம்புக்கு வந்ததில் எங்கள் மாவட்டத்துக்கும் பங்குண்டு. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த வீடுகளின் இடிபாடுகளிலிருந்து மக்களை மீட்பவர்களுக்கு சர்ரேயின் லெதர்ஹெட் நகரில் பயிற்சி நடந்தது. அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் எரிக் கிளாக்ஸ்டன் என்ற பொறியாளர். பிற்காலத்தில் ஸ்டீவனேஜ் புதுநகரில் மிதிவண்டிகளுக்கென்றே தனிப் பாதைகளை வடிவமைத்தவரும் இவரே. பயிற்சியின்போது அடிபட்டவர்களாகப் படுத்திருந்தவர்கள் உண்மையில் நலமாக இருந்ததால், மீட்பவர்கள் அவர்களை மூட்டை தூக்குவது போலத் தூக்கினார்கள். முறிந்ததாகச் சொல்லப்பட்ட கால் இடறினாலும் சத்தம் வராது. ஆகவே தவறும் தெரியாது. வலிக்க வேண்டிய இடத்தில் வலிப்பவர்கள், சரியாகப் பிடித்தால் அமைதியடைபவர்கள், தவறாகப் பிடித்தால் அலறுபவர்கள் தேவைப்பட்டார்கள். 1942-இல் காஷுவல்டீஸ் யூனியன் என்ற அமைப்பு இப்படித்தான் தொடங்கியது. ஒப்பனை, நடிப்பு, களம் அமைத்தல் மூன்றையும் சேர்த்துக் கற்பித்தார்கள்.

எங்கள் அம்மையாரும் இதைத்தான் வேறு சொற்களில் சொன்னார். எழுபது வயதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற செவிலியர். "காயத்தைப் பத்து நிமிடத்தில் வரைந்துவிடலாம். அதைச் சுமக்கக் கற்பதற்குத்தான் நாளாகும்."

முறிந்த காலை அவர் செய்த விதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. தோல்நிற மெழுகைக் கையில் பிசைந்து இளக்கி முழங்காலுக்குக் கீழே அப்பினார். ஓரங்கள் தோலோடு கரையும் வரை விரலால் தேய்த்தார். ஒப்பனையில் முக்கால்வாசி நேரம் இந்த ஓரங்களுக்கே போய்விட்டது. சிறு கரண்டியின் காம்பால் நடுவில் கீறி, உள்ளே கருஞ்சிவப்பைத் தடவி, கழுவிக் காயவைத்த கோழி எலும்பின் உடைந்த முனை ஒன்றைப் பதித்தார். சுற்றிலும் வீக்கத்துக்கான நிறம். கடைசியில்தான் ரத்தம், அதுவும் கொஞ்சமே. "ரத்தத்தைக் கொட்டினால் காயம் மறைந்துவிடும்." தீப்புண்ணுக்கு வாசலினும் மெல்லிய திசுத்தாளும், குத்திய கண்ணாடிச் சில்லுக்கு உடைத்த பிளாஸ்டிக், நெற்றி வியர்வைக்குக் கிளிசரின் கலந்த தண்ணீர். எல்லாம் ஒரு தையல் பெட்டிக்குள் அடங்கியிருந்தன.

படையினருக்கான பயிற்சிகளில் இதன் அளவே வேறு. ஆப்கானிஸ்தான் போர் நடந்த ஆண்டுகளில், யார்க் நகரை அடுத்த ஸ்ட்ரென்சாலில் போர்முனை மருத்துவமனையின் முழு மாதிரியையே அமைத்துப் புறப்படவிருந்த மருத்துவர்களைப் பழக்கினார்கள். அங்கே காயம்பட்டவர்களாக வந்து படுத்தவர்களில் சிலர் உண்மையாகவே கால்களை இழந்தவர்கள். எப்போதோ ஆறிப்போன தங்கள் மொட்டைக் காலின் மேல் புதுப் புண்ணை வரைந்துகொண்டு, இழந்த கணத்தை மறுபடியும் நடித்தார்கள். அறியாத ஓர் இளைஞன் அதைப் போர்க்களத்தில் முதன்முறையாகப் பார்த்து உறைந்துவிடக் கூடாது என்பதற்காக. பிரிட்டிஷ் படைகளில் வழங்கும் ஒரு சொல்லையும் அம்மையார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நடித்துக்கொண்டிருக்கும்போது உண்மையிலேயே மயக்கம் வந்தாலோ நெஞ்சு வலித்தாலோ "நோ டஃப்" என்று சொல்ல வேண்டும். இது பயிற்சியில்லை, நிஜம் என்று பொருள். சொன்னவுடன் எல்லாம் நின்றுவிடும். எவ்வளவு அலறினாலும் நடிப்பாகவே கொள்ளப்படும் இடத்தில், உண்மைக்கென்று தனியாக ஒரு சொல்லை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

தமிழில் காயம் என்றால் புண். காயம் என்றால் உடம்பும்கூட. காயம் பொய் என்று சித்தர்கள் சொன்னது உடம்பை. கோழி எலும்பும் மெழுகுமாக நாற்காலியில் அமர்ந்திருந்தபோது எங்களுக்கு அது நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டோம். அம்மையார் என்னவென்று கேட்டார். மொழிபெயர்க்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டோம்.

*

அடுத்து வயிற்றுக்குள் ரத்தம் கசிபவரின் முறை. வெளியே காயம் எதுவும் இல்லை. முகம் வெளிற வேண்டும், வியர்க்க வேண்டும், அவ்வளவுதான். அம்மையார் ஒரு டப்பாவைத் திறந்து வெளிறிய சாந்தை எடுத்துக் கன்னத்தில் தடவினார். நெற்றியிலும் தடவினார். பின்னால் நகர்ந்து பார்த்தார். கண்ணாடியில் நாங்களும் பார்த்தோம். விபூதியை அள்ளி அப்பியது போலிருந்தது. துடைத்துவிட்டு இன்னும் மெல்லியதாகத் தடவினார். இப்போது மாவு மில்லிலிருந்து வந்தவர் போல் இருந்தது. நீலம் கலந்து உதட்டில் வைத்தார். பேய் வேடம்.

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நாங்களும்தான். அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பதாண்டுகள் செவிலியராக இருந்தவர். டப்பாவை மூடி வைத்துவிட்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புபவரின் குரலில் கேட்டார், "உங்கள் ஊரில் நிறைய ரத்தம் இழந்த ஒருவர் பார்க்க எப்படி இருப்பார்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் பதில் தெரியும். அன்று அதைச் சொல்லவில்லை.

பூசியது பாதி, துடைத்தது பாதியாகவே பயிற்சிக்குப் போனோம். கவிழ்ந்த பேருந்து என்று பாவனை. பன்னிரண்டு பேர் அடிபட்டுக் கிடந்தோம். மாணவர்கள் ஐந்து குழுக்களாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தார்கள். பலர் ஒரே நேரத்தில் அடிபட்டிருக்கும்போது யாரை முதலில் கவனிப்பது என்று தரம் பிரிப்பதுதான் அவர்களுக்கான பாடம். 1983-இல் கலிஃபோர்னியாவில் உருவாக்கப்பட்ட ஸ்டார்ட் என்ற முறை பல நாடுகளில் பரவியது. அதில் மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு என்ற வரிசையில் விரைவாகப் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு நிற அட்டை கட்டுவார்கள். அலறுகிறவர் குறைந்தபட்சம் மூச்சு விடுகிறார் என்பது இந்தத் துறையின் பால பாடம். ஆனால் கோழி எலும்பு துருத்திய காலைத் தாண்டிப்போக இருபது வயதில் எவருக்கும் மனம் வரவில்லை. நான்கு குழுக்கள் நேராக அந்தக் காலிடம் ஓடின. மூன்றடி தள்ளிச் சுவரில் சாய்ந்து, தாகமாக இருக்கிறது என்று முனகி, மெல்லக் கண் செருகிக்கொண்டிருந்தவரை ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு கவனிக்கலாம் என்பதற்கான பச்சை அட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள். ஒரு மாணவி மட்டும் நின்றாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு எங்களில் கால் முறிந்தவரிடம் திரும்பிக் கேட்டாள், "இதுதான் இவருடைய வழக்கமான நிறமா?"

அதே கேள்வி. அதே சொற்கள்.

*

2011-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமா. அஞ்சல் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். முழங்கால் வலிக்காகப் பல மாதங்களாக வலி மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் அது செய்துகொண்டிருந்த வேலை எங்களுக்குத் தெரியாது. மலம் தார் போலக் கறுத்துப் போவதை வெட்கப்பட்டு அவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறது என்று மறுபடியும் படுத்துக்கொண்டார்.

அம்மா அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு எங்களைக் கூப்பிட்டாள். "ஏ, ரெண்டு பேரும் இங்க வாங்க. இமைக்குள்ள ரத்தமே இல்லையே. வெள்ளச்சோளம் கணக்கால்ல இருக்கு." நாங்கள் பார்த்தோம். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மருத்துவமனைக்குப் போய்விடலாம் என்று மட்டும் முடிவு செய்தோம்.

அவசரப் பிரிவில் செவிலியர் பரிவுடனேயே நடந்துகொண்டார். ரத்த அழுத்தம் சற்றுக் குறைவு. நாடித்துடிப்பு சாதாரணமாக இருந்தது. ரத்த அழுத்தத்துக்காக அப்பா சாப்பிட்டுவந்த மாத்திரை துடிப்பு ஏறாமல் அடக்கி வைத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் செவிலியர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டார், "இதுதான் இவருடைய வழக்கமான நிறமா?"

ஆமாம் என்றோம்.

அப்பா கறுப்பு. கரிசல்காட்டு வெயில் பட்ட கறுப்பு. அன்றும் கறுப்பாகத்தான் இருந்தார். கேள்வி எங்களுக்கு லேசாக உறைக்கவும் செய்தது. நிறத்தைப் பற்றி எவர் கேட்டாலும் உள்ளே ஏதோ ஒன்று விறைத்துக்கொள்ளும் வாழ்க்கை இங்கே எங்களுடையது. அதனால் பதில் சற்று வேகமாகவே வந்தது. பின்னால் நின்ற அம்மா புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, "கண்ணப் பாக்கச் சொல்லு, இமையப் பாக்கச் சொல்லு" என்றாள். தன் இமையையே விரலால் இழுத்துக் காட்டினாள். செவிலியர் எங்களைப் பார்த்தார், அம்மா என்ன சொல்கிறார் என்பது போல. "கவலைப்படுகிறார்" என்றோம்.

அந்த ஒற்றைச் சொல்லை இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை திரும்பக் கேட்டிருப்போம் என்று கணக்கில்லை. இமையைப் பார்க்கச் சொல்கிறார் என்று மொழிபெயர்க்க எங்கள் ஆங்கிலம் போதாமலா போயிற்று? பெரிய மருத்துவமனையில், இத்தனை கருவிகளுக்கு நடுவில், கிராமத்து வைத்தியம் போல் அது ஒலித்துவிடுமே என்று கூச்சப்பட்டோம். அதுதான் உண்மை.

மூன்று மணி நேரம் நாற்காலியில் காத்திருந்தார் அப்பா. கழிப்பறைக்குப் போக எழுந்தவர் அப்படியே சரிந்தார். அதற்குப் பிறகு எல்லாம் மிக வேகமாகவும் மிகச் சரியாகவும் நடந்தது. குழாய் விட்டுப் பார்த்து இரைப்பைப் புண்ணை அடைத்தார்கள். நான்கு பை ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தார். ஊருக்குத் திரும்பி ஆறாண்டுகள் இருந்து, 2017-இல் வேறு நோயால், தன் வீட்டுக் கட்டிலிலேயே இறந்தார். மருத்துவமனைக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்த முதல் நாள் எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னார், "கறுத்தவன் வெளுத்தா எவனுக்குத் தெரியும்? விடுங்க." தேறவில்லை நாங்கள்.

*

பயிற்சி முடிந்து, மெழுகைத் தேங்காய் எண்ணெயால் கரைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் அம்மையாரிடம் சொன்னோம். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "உங்கள் அம்மா சொன்னது சரி," என்றார். பிறகு, "அடுத்த சனிக்கிழமை வாருங்கள். அந்த நிறத்தைக் கண்டுபிடிப்போம்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் முகங்களில் அதைத்தான் தேடினோம். வெளிறுதல் என்பது வெள்ளையைச் சேர்ப்பது என்று நினைத்திருந்ததுதான் முதல் தவறு. தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்பு வடிந்துபோவதே வெளிறுதல். வெள்ளைத் தோலில் சிவப்பு வடிந்தால் வெண்மை எஞ்சும். எங்கள் தோலில் எஞ்சுவது வேறு. மாநிறத்தில் பழுப்பு மஞ்சளிக்கும். இன்னும் கறுத்த தோலில் சாம்பல் படியும். சாம்பலும் மஞ்சளும் கலந்து, துடைத்து எடுத்தது போலத் தடவியபோது கண்ணாடியில் தெரிந்த முகத்தைக் கண்டு எங்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். அது அந்த ஞாயிற்றுக்கிழமையின் அப்பா.

இதற்கு எங்கள் மொழியில் எத்தனையோ சொற்கள் இருந்தன என்பதும் அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிப்போச்சு என்பார்கள். ரத்தப்பசையே இல்லை என்பார்கள். சோகை என்பார்கள். அடிபட்ட இடம் நம்மில் சிவப்பதில்லை, கன்றிப்போகிறது. இன்னும் பின்னால் போனால் பசலை இருக்கிறது. பிரிவில் வாடும் தலைவியின் மாமை நிறம் அழிந்து பசலை படர்வதைச் சங்கப் புலவர்கள் பீர்க்கம் பூவின் மஞ்சளோடும் பொன்னோடும் ஒப்பிட்டார்கள். திருக்குறளில் பசப்புக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அதைக் கவிமரபு என்று படித்துத் தேர்வெழுதியவர்கள் நாங்கள். கறுத்த தோல் வெளிறும்போது மஞ்சளிக்கும் என்ற கண்ணறிவு அதற்குள் இருந்திருக்கிறது. எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க சர்ரேயில் ஓர் ஆங்கிலச் செவிலியரின் சாந்து டப்பா தேவைப்பட்டது.

மருத்துவ உலகமும் இதை மெதுவாகத்தான் பேசத் தொடங்கியது. 1953-இல் வர்ஜீனியா ஆப்கர் வெளியிட்ட, பிறந்த குழந்தையின் நலத்தை அளக்கும் மதிப்பெண் முறையில் ஐந்தில் ஒரு கூறு நிறம். உடல் முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தால் முழு மதிப்பெண். உலகின் பெரும்பாலான குழந்தைகள் இளஞ்சிவப்பாகப் பிறப்பதில்லை. 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று காட்டினார்கள். அதே ஆண்டு லண்டன் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற மாணவர், தன் ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து, கறுத்த தோலிலும் மாநிறத் தோலிலும் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் கையேடு ஒன்றை வெளியிட்டார். அம்மையார் அதைத் தரவிறக்கி, அச்செடுத்து, தைத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

எங்கே பார்ப்பது என்பதற்கான விடை ஒன்றும் புதிதல்ல. நிறமி குறைந்த இடங்களில் பார்க்க வேண்டும்: உள்ளங்கை, நகக்கண், நாக்கு, உதட்டின் உட்புறம், கீழ் இமையின் உட்புறம். குழந்தை நோய்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலிலேயே சோகையைக் கண்டுபிடிக்க உள்ளங்கையின் வெளிறலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. அம்மா அதைப் படித்தவளில்லை.

*

உள்ளங்கையையும் உதட்டையும் ஒப்பனையால் வெளிறச் செய்ய முடிந்தது. இமையின் உட்புறத்தில் மட்டும் முடியவில்லை. கண்ணுக்குள் எந்தச் சாந்தையும் வைக்கக் கூடாது. அம்மா பார்த்த அந்த ஓர் இடத்தைப் பொய்யாகச் செய்ய வழியே இல்லை. அம்மையார் அதற்கு ஓர் ஏற்பாடு செய்தார். ரத்தம் கசிபவரின் சட்டைப் பையில் ஒரு சிறு அட்டை இருக்கும். யாராவது இமையை இழுத்துப் பார்த்தால் அதை எடுத்து நீட்ட வேண்டும். அதில் எழுதியிருப்பது: "உட்புறம் மிகவும் வெளிறியிருக்கிறது." பார்க்காதவர்களுக்கு அட்டை கிடைக்காது.

பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாம் நின்றுபோய், 2022-இல் மறுபடியும் கூடியபோது நாங்கள் ஒரு வேண்டுகோள் வைத்தோம். கோழி எலும்பு வேடம் இனி வேறு யாருக்காவது போகட்டும். எங்களில் ஒருவர் வயிற்றுக்குள் ரத்தம் கசிபவர். மற்றவர் அவருடைய துணை, காயம் எதுவும் இல்லாதவர், ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாதவர்.

அதுதான் நாங்கள் இன்றுவரை ஏற்கும் வேடம். மாணவர்கள் வருவார்கள். முகத்தைப் பார்ப்பார்கள். துணையாக இருப்பவர் தமிழில் மட்டும் பேசுவார். "இமையப் பாருங்க. கண்ண இழுத்துப் பாருங்க." தன் இமையை விரலால் இழுத்துக் காட்டுவார். சிலர் தலையசைத்து, தோளில் தட்டி, அமைதியாக இருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்வார்கள். அவர்கள் போகும்போது முதுகைப் பார்த்துக்கொண்டு அதே சொற்களை இன்னொரு முறை சொல்ல வேண்டும். அது வேடத்தில் எழுதியிருப்பது. முதல் முறை சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. நன்றாக நடித்தீர்கள் என்றார் கண்காணிப்பாளர்.

பயிற்சி முடிந்தபின் மாணவர்களோடு உட்கார்ந்து பேசும் கால்மணி நேரம் உண்டு. யாரையும் குறை சொல்வதில்லை. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். இதுதான் இவருடைய வழக்கமான நிறமா என்று வீட்டாரிடம் கேட்பது நல்ல கேள்வி, கேளுங்கள். ஆனால் ஆங்கிலம் தெரிந்தவர் பதில் சொல்லிவிட்டார் என்று திரும்பிவிடாதீர்கள். பின்னால் நிற்பவரின் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.

சென்ற முறை பயிற்சி முடிந்த இரவு கோவில்பட்டிக்குத் தொலைபேசினோம். அம்மாவுக்கு இப்போது காது மந்தம். என்ன வேடம் போடுகிறோம் என்பதை உரக்க, இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய சொற்களையே சொல்கிறோம் என்பதையும் சொன்னோம். சிறிது நேரம் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தோம்.

"பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

ஐந்து குழுக்களில் இரண்டு பார்த்ததாகச் சொன்னோம்.

"ரெண்டு," என்றாள். பிறகு, "போன வருசம்?"

"ஒண்ணு."

"சரி," என்றாள் அம்மா. "அடுத்த வருசமும் போங்க."